பிழையில்லாத ஜூலை

மணி பத்து பத்து. என் கைக்கடிகாரத்தில் பத்து பதினேழு. எதற்கும் பிந்தக்கூடாது என்று நானே ஏழு நிமிடம் முன்னால் திருகி வைத்தது. ஆனால் முன்னால் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியுமே, அதனால் பார்க்கும்போதெல்லாம் ஏழைக் கழித்துக்கொள்கிறேன், பதினெட்டு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன், இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது. வேலை இல்லாதவனுக்கு வருகிற யோசனை. எனக்கு வேலை இல்லை என்று இல்லை, வேலை பார்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் சம்பளம் உண்டு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொன்ராணியும் சூசையும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருக்கிறார்கள். அவள் ஏதோ சொல்கிறாள், அவன் சிரிக்கிறான். திரையில் இருப்பது அடுத்த வருடத்து செப்டம்பர். ராகுகாலம், எமகண்டம், குளிகை, திதி, நட்சத்திரம், சூலம். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆகவே சிரிப்பு செப்டம்பரைப் பற்றியது இல்லை. இந்த அறையில் செப்டம்பரை விட்டால் மிச்சம் இருப்பது நான்தான். திங்கட்கிழமைக்கு முன்னால் இவர்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தார்களோ என்னவோ, நான் அப்போது தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கிற அச்சகங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆடி பிறந்தால் கார்த்திகை வரை மூச்சு விட நேரமிருக்காது. சோதிடர் கையால் எழுதித் தருகிற பஞ்சாங்கப் பிரதியைப் பார்த்துச் சூசை கம்ப்யூட்டரில் ஏற்றுவான், பொன்ராணி பிழை பார்ப்பாள், பிறகு மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு கட்டமாக ஒரே பெரிய தாளில் என் மேசைக்கு வரும், நான் சிவப்புப் பேனாவால் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன், கையெழுத்து விழுந்தால்தான் பிளேட்டுக்குப் போகும், பிளேட்டிலிருந்து மிஷினுக்கு. மிஷினுக்குப் போனது போனதுதான். கனகவேல் என்று நான் போடுகிற அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஜனங்கள் வெளியூர் கிளம்புகிறார்கள், பால் காய்ச்சுகிறார்கள், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறார்கள், அவர்களுக்கு அது தெரியாது என்றாலும். இந்தக் கையெழுத்தைத்தான் போன வாரம் மதுரையில் ஒரு ஓட்டலில் வைத்து என்னிடமிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கினார்கள் என்று சொல்லக்கூடாது. பயிற்சி. சின்னவர் ஜெயக்கொடி, முதலாளி மகன், வெளியூரில் நிர்வாகப் படிப்பு படித்துவிட்டு வந்தவர், எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் இரண்டு நாள் அனுப்பிவைத்தார். அங்கே ரேணுகா என்று ஒரு பெண், என் மகள் வயது இருக்கும், நல்ல பெண்தான், எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் உங்கள் பிரிவு நடக்குமா? நடக்காது என்று நான்தான் முதலில் கை தூக்கினேன், பெருமையாக. அப்படியென்றால் நீங்கள் நல்ல தலைவர் இல்லை என்றாள், சிரித்துக்கொண்டே, சாக்லெட் வேறு கொடுத்தாள். நடக்கும் என்றால் நான் எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் பைண்டிங் பிரிவு ஆள் உட்கார்ந்திருந்தார், அவர் சின்னவரின் சொந்தம், அதனால் சாக்லெட்டைத் தின்றேன்.

ஒரு வாரம் தலையிடாமல் இருக்க வேண்டும் என்பது எனக்கு வந்த வீட்டுப்பாடம். தாளைப் பார்க்கக்கூடாது, கேட்கக்கூடாது, போய் முதுகுக்குப் பின்னால் நிற்கக்கூடாது. தலையிட வேண்டும் போல இருந்தால் ஒரு நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை பொன்ராணியையும் சூசையையும் கூப்பிட்டு, இந்த வாரம் நான் பார்க்க மாட்டேன், நீங்களே முடித்து பிளேட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். சரிங்க அண்ணாச்சி என்றார்கள், இரண்டு பேரும், உடனே. ஒரு பேச்சுக்காவது நீங்க பார்க்காம எப்படி அண்ணாச்சி என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். அன்றைக்கு நாற்பத்தொரு கோடு போட்டேன். செவ்வாய் முப்பத்தாறு. நேற்று இருபத்தெட்டு, ஆனால் நேற்று மழையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. பிறகு திடீரென்று தோன்றியது, இந்த நோட்டை ஞாயிற்றுக்கிழமை ரேணுகாவிடம் காட்ட வேண்டுமே, அவள் சின்னவரிடம் காட்ட மாட்டாளா? நாளுக்கு நாற்பது முறை கை அரிக்கிற ஆள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடனே திங்கட்கிழமைக் கோடுகளில் பத்தை அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன். பேனாவால் போட்ட கோடு. நேற்று சாயங்காலம் சின்னவர் இந்தப் பக்கம் வந்தார், கதவை முழுக்கத் திறக்காமல் தலையை மட்டும் நீட்டி, "எப்படிப் போகுது அண்ணாச்சி?" என்றார். "நல்லாப் போகுது." "அதான் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதான் வேணும். எது வேணும்? நான் இல்லாமல் நல்லாப் போகிறது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேனே, அதுவா? ராத்திரி சோறு இறங்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வேறு எந்த அச்சகத்தில் போய் சிவப்புப் பேனாவோடு நிற்பது? எனக்குப் பயமாக இருக்கிறது, இதை நோட்டில் எப்படிக் கோடு போடுவது என்று ரேணுகா சொல்லித் தரவில்லை.

பத்து நாற்பது. சூசை எழுந்து போய் ஜன்னல் பக்கம் நிற்கிறான். பொன்ராணி தனியாகத் திரையைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது. ஒரு மணிக்கு செப்டம்பர் பிளேட்டுக்குப் போக வேண்டும், அதற்குள் ஒருமுறையாவது இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். இவளை நான்தான் வேலைக்கு எடுத்தேன், பதினான்கு வருடம் இருக்கும், வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கர், அவருக்கு உடம்பு முடியாமல் போன சமயத்தில் வந்தாள். முதல் வாரமே சொன்னேன், தப்பில்லாத தாளை நான் நம்ப மாட்டேன், தப்பில்லை என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இப்படி நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. அதற்கும் முன்னால், நான் இந்த நாற்காலிக்கு வந்த புதிதில், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, துவைத்துத் துவைத்துப் பழுத்தது. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காலண்டர்த் தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். ஐயா, இது முகூர்த்த நாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்றார். அது முகூர்த்த நாள் இல்லை. கரிநாள். மறுநாள் கட்டத்தில் இருக்க வேண்டிய முகூர்த்தத்து மேளக்குறி ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது, கீழே மூலையில் என் கையெழுத்தோடு போன தாள். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று, அப்புறம்தான் மாப்பிள்ளை வீட்டில் யாரோ வேறு காலண்டரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேளக்குறியை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். முதலாளி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் பாத்துக்கிடுங்க என்றார், வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கல்யாணம் அன்றைக்கே நடந்ததா, தள்ளிப்போனதா, அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மறுநாள் சிவப்புப் பேனா வாங்கினேன்.

அதன் பிறகு என் மேசையைத் தாண்டி ஒரு தப்பு வெளியே போனதில்லை. பதினெட்டு வருடம். இதைத்தான் மதுரையில் சொல்லியிருக்க வேண்டும், எழுந்து நின்று, சாக்லெட்டைக் கீழே வைத்துவிட்டு. ஒரு தாள்கூட என்னிடம் சுத்தமாக வந்ததில்லை அம்மா, ஒவ்வொரு தாளிலும் ஒரு தப்பு இருக்கும், நான் பிடிப்பேன், நான் இல்லையென்றால் அத்தனையும் வெளியே போயிருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு தப்பு. எண்ணிப் பார்த்தால் ஆச்சரியம்தான், போன வருடம் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு. ஜனவரியில் வியாழக்கிழமைக்கு சூலம் வடக்கு என்று இருந்தது, பிப்ரவரியில் சனிக்கிழமைக்கு மேற்கு, மார்ச்சில் செவ்வாய்க்கிழமை ராகுகாலமும் எமகண்டமும் இடம் மாறி இருந்தன. எனக்கு ஞாபகசக்தி உண்டு. ஏப்ரலில் இரண்டு தப்பு இருந்ததோ? இல்லை, ஒன்றுதான். ஒன்றுதான் இருக்கும் எப்போதும். இரண்டு இருந்ததாக நினைவில்லை. இல்லாமல் இருந்ததாகவும் நினைவில்லை. பதினொரு மணிக்குத் தாள் வந்தால் பதினொன்றேகாலுக்குள் அது என் கண்ணில் பட்டுவிடும், வட்டம் போட்டுக் கூப்பிடுவேன், பொன்ராணி வந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனிக்கல அண்ணாச்சி என்பாள், திருத்திக்கொண்டு வருவாள், கையெழுத்துப் போடுவேன். வியாழனுக்கு சூலம் தெற்கு. இது எங்கள் தெருவில் காலண்டரே பார்க்காதவர்களுக்கும் தெரியும். பதினான்கு வருடம் பஞ்சாங்கத்திலேயே கிடக்கிற பொன்ராணிக்குத் தெரியாதா? திதி முடிகிற நாழிகையை மணியாக மாற்றுவதைக் கணக்குப் போடாமல் சொல்கிறவள் அவள். அந்தக் கஷ்டமான இடத்திலெல்லாம் அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை. தெருவுக்கே தெரிந்த சூலத்தில் தவறுகிறாள், மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றே ஒன்று.

பதினொன்று ஐந்து. இந்த யோசனையை இங்கேயே நிறுத்திவிடலாம். தண்ணீர் குடித்தேன். நிற்கவில்லை. வீட்டில் தினமும் செருப்பு மாட்டி வாசலுக்கு வந்த பிறகு திரும்பிப் பார்ப்பேன், ஏதாவது ஒரு விளக்கு எரியும், பெரும்பாலும் குளியலறை விளக்கு, திரும்ப உள்ளே போய் அணைத்துவிட்டு, ஒரு நாளாவது பார்த்து அணைக்கக்கூடாதா என்று புஷ்பலதாவிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கிளம்புவேன். முப்பது வருடமாக மறக்கிறாள். மற்றதெல்லாம் மறப்பதில்லை. காஸ் பதிவு செய்கிற தேதி, என் தங்கை மகனின் பிறந்தநாள், எனக்கு மாத்திரை தீர்கிற நாள் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். விளக்கு எரியாத நாளில் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒரே ஒரு நாள் அப்படி நடந்திருக்கிறது. அவள் ஊருக்குப் போயிருந்தாள், முந்தின நாளே. வீடு முழுக்க இரண்டு சுற்று சுற்றினேன், காஸ் அடுப்பைத் திறந்து மூடினேன், பின்கதவைப் பூட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்தேன், நாற்பது நிமிடம் பிந்தி வந்தேன். அவளுக்கு இது தெரிந்திருக்குமா? நாற்பது நிமிடம் நான் அவள் காலைச் சுற்றிக்கொண்டு திரிவதைவிட ஒரு விளக்கை எரியவிடுவது லேசு என்று எந்த வருடத்தில் கண்டுபிடித்திருப்பாள்? சே, என்ன மனுஷன் நான், எரிகிற விளக்கில் போய்ச் சதியைத் தேடுகிறேன். ஆனால் காலையில் கிளம்பும்போது கூடத்து விளக்கு எரிந்தது. காலை எட்டரைக்கு, வெயில் அடிக்கிற கூடத்தில்.

சரி, நேராகவே சொல்லிப் பார்க்கிறேன். நான் ஒரு தப்பைப் பிடிக்காமல் தாளை விடமாட்டேன் என்பது இவர்களுக்குத் தெரியும். ஒரு வருடம் ஏப்ரல் தாளில் எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, மூன்று நாள் என் மேசையிலேயே வைத்திருந்தேன், மிஷின் சும்மா நின்றது, மிஷின் ஆட்கள் வெளியே போய் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒருமுறை நடக்கவே இல்லை. ஏன் நடக்கவில்லை? ஏனென்றால் அதற்குப் பிறகு எனக்குத் தப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. கிடைத்தது என்றா சொல்வது, வைக்கப்பட்டது. வைத்திருக்கிறார்கள். குழந்தைக்குக் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அடுக்களை வேலையைப் பார்க்கிற மாதிரி. முகம் சூடாகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்துவிடுமோ என்று நோட்டை எடுத்து எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டேன். அடுத்த யோசனை வந்ததும் முகத்துச் சூடு போய்விட்டது. இந்த வாரம் நான் பார்க்கவில்லை. ஜூலை செவ்வாயன்று மிஷினுக்குப் போய்விட்டது. ஆகஸ்ட் நேற்று. வைத்துப் பழகின கை வழக்கம்போல ஒன்றை வைத்திருந்தால் அதை எடுக்கிற கை இந்த வாரம் இல்லை. ஒரு லட்சம் சுவரில் வியாழக்கிழமைக்கு சூலம் வடக்கு என்று தொங்கப்போகிறது. சூலமாவது போகட்டும், இந்தத் தடவை மேளக்குறியில் வைத்திருந்தால்? இல்லை, வைத்திருக்க மாட்டார்கள், நான் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு எதற்கு வைக்க வேண்டும், வைக்காமலே அனுப்பியிருப்பார்கள், சுத்தமாக. அப்படியென்றால் ஜூலையில் ஒரு தப்பும் இருக்காது. அப்படியென்றால் இத்தனை வருடம் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஜூலைத் தாள் என் மேசையில்தான் இருக்கிறது. மிஷினில் முதலில் விழுகிற மாதிரித் தாளை வழக்கப்படி செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், நான் குப்புறக் கவிழ்த்துவைத்து மேலே ஜூலைக்கான பஞ்சாங்கப் பிரதியையும் அதற்கு மேலே தண்ணீர் பாட்டிலையும் வைத்திருக்கிறேன், வீட்டுப்பாடத்துக்கு மரியாதை. அச்சாகி முடிந்ததைப் பார்ப்பது தலையிடுவதில் சேருமா? சேராது. சேர்ந்தாலும் ஒரு கோடு. ஆனால் எது இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது என்பதுதான் விளங்கவில்லை. தப்பு இருந்தால் என் வேலை நிலைக்கும். கனகவேல் நாலு நாள் கண்ணை மூடினார், பாருங்கள் என்ன ஆயிற்று என்று முதலாளியே சின்னவரிடம் சொல்வார், ரேணுகாவுக்குப் போன் போகும், என் சிவப்புப் பேனாவுக்கு மாலை போடாத குறை. தப்பு இல்லையென்றால் நான் இல்லாமலே காலண்டர் வரும் என்று நாளைக்கே தெரிந்துவிடும். ஒரு லட்சம் பேர் வீட்டில் தப்பான நாள் தொங்க வேண்டும் என்று என் மனசு ஆசைப்படுகிறது. அந்தச் சாத்தூர்க்காரர் மாதிரி இன்னொருவர் நாலாக மடித்த தாளோடு வந்து நின்றால்தான் நான் இந்த நாற்காலியில் இருக்க முடியும் என்றால், வரட்டும் என்கிறது. இதை நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக வந்தது, பாட்டிலை நகர்த்திவிட்டுத் தாளைத் திருப்பினேன்.

முதலில் சூலத்தைப் பார்த்தேன். வியாழன் ஐந்தும் தெற்கு. திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாய் புதன் வடக்கு, வெள்ளி ஞாயிறு மேற்கு. ராகுகாலம் சரி. எமகண்டம் சரி. குளிகை சரி. பதினைந்து நிமிடத்தில் நான் வழக்கமாகப் பார்க்கிற இடமெல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எங்கே பார்ப்பது என்று எனக்குப் பழக்கமில்லை. இத்தனை நாளும் தப்பு கிடைத்ததும் நான் நிறுத்திவிடுவேன். கிடைத்துவிட்டதே, இனி என்ன. பதினொன்றேகாலுக்கு வட்டம் போட்ட பிறகு மிச்சத் தாளை நான் படித்ததே இல்லை. ஒரு வருடமா, இரண்டு வருடமா? திதியும் நட்சத்திரமும் சந்திராஷ்டமமும் பண்டிகையும் முகூர்த்தக்குறியும் என் கண்படாமல் என் கையெழுத்தோடு போயிருக்கின்றன. பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒன்றாம் தேதியிலிருந்து வரி வரியாகப் படித்தேன். பதினாறாம் தேதிக்கு வரும்போது கண் எரிந்தது. முப்பத்தொன்று முடிந்தபோது பன்னிரண்டு மணி. ஒரு தப்பும் இல்லை. இல்லையா, எனக்குத் தெரியவில்லையா? எத்தனையோ வருடம் வைத்ததை எடுத்தே பழகின கண்ணுக்கு உண்மையான தப்பு எதிரே நின்றாலும் அடையாளம் தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூசை திரும்ப வந்து உட்கார்ந்திருந்தான். பொன்ராணி இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் மேசையில் விரிந்திருக்கிற ஜூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

எழுந்து போனேன். அவர்கள் இருவரும் எழுந்தார்கள். உட்காருங்கள் என்று நான் கை காட்டியும் உட்காரவில்லை.

"ஜூலையில தப்பு இல்லியே பொன்ராணி," என்றேன்.

"இல்லீங்க அண்ணாச்சி." அவள் சூசையை ஒரு பார்வை பார்த்தாள். "சின்னவர் எதுவும் கேக்கச் சொன்னாரா?"

"அவரு சொல்லல. நானாத்தான் கேக்குறேன். எனக்கு வர்ற தாள்ல மட்டும் எப்பவும் ஒண்ணு இருக்கும். அது எப்படி?"

"என் யோசனைதான்," என்றாள் பொன்ராணி. "நான்தான் அண்ணாச்சி," என்றான் சூசை, அதே நேரத்தில். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார், எனக்காக இல்லை, மற்றவருக்காக. என்னிடமிருந்து ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்தது. இவர்கள் என்னைக் கேலி செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"கோவிச்சுக்கிடாதீங்க," என்றாள் அவள். "அந்த ஏப்ரல்ல மூணு நாளு மிஷின் நின்னுச்சு. நீங்க சாப்பிடக்கூடப் போகல. உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். அப்புறந்தான் ஒண்ணு வைக்க ஆரம்பிச்சோம். சட்டுனு தெரியுற எடத்துலதான் வைப்போம் அண்ணாச்சி, ஆபத்தான எடத்துல வைக்க மாட்டோம்."

"நான் பாக்காம விட்டிருந்தா?"

"நீங்க கையெழுத்துப் போட்டப்புறம் நான் ஒருவாட்டி முழுசாப் படிச்சிட்டுத்தான் பிளேட்டுக்குக் குடுப்பேன்."

"எப்பலேருந்து?"

"வந்ததுலேருந்தே."

கேட்காமல் விட்டிருக்கலாம். என் கையெழுத்துக்குப் பிறகு படித்ததில் ஏதாவது இருந்திருக்கிறதா என்று கேட்டேன். இப்ப எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம் என்றாள். சொல்லு என்றேன். "போன வருஷம் நவம்பர்த் தாள்ல அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்துச்சு. திருத்திட்டோம்." நவம்பரில் நான் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை சூலம். வட்டம் போட்டு, கூப்பிட்டு, ஒரு அமாவாசையைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஊரெல்லாம் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் எள்ளுந்தண்ணீரும் இறைக்கிற நாள். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் காலண்டர்தான் தொங்குகிறது, அதைப் பார்த்துத்தான் நானும் என் அப்பாவுக்குச் செய்கிறேன். சின்னவரிடம் சொல்வாளா என்றுதான் முதலில் ஓடியது, இன்னமும் அதுதான் முதலில் ஓடுகிறது. சொல்வதாக இருந்தால் போன வருடமே சொல்லியிருப்பாள் என்பது அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

"செப்டம்பர் முடிஞ்சிருச்சா?"

"ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். ஆனா தைரியம் வர மாட்டேங்குது," என்றாள். "நீங்க இருக்கையில பின்னால ஆள் இருக்குன்னு ஒரு இது இருக்கும். நாலு நாளா அது இல்ல. சூசை ஏத்துன கண்ணு, நான் படிச்ச கண்ணு, ரெண்டும் பழகிப்போச்சு அண்ணாச்சி. நேத்து ராத்திரி தூக்கத்துலயே திதி பாக்குறேன்."

இது உண்மையா, என்னைத் தேற்றுவதற்கு வைக்கிற இன்னொரு சூலமா என்று ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. எங்கள் அச்சகத்தில் ஒத்துப் பார்ப்பது என்று ஒன்று உண்டு, ஒருவர் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் தாளில் பேனா வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். பேனா பெரியவர் கையில், வாசிப்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவர், அதற்கென்று முதுகில்லாத ஒரு குட்டை முக்காலியே இருக்கிறது. சூசை தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். வேண்டாம் என்று அந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன், முட்டி சொடக்குப் போட்டது. "பிரதியை இங்க குடு, நான் வாசிக்கிறேன். நீ தாளைப் பாரு," என்றேன். பொன்ராணி பேனாவை எடுக்கத் தயங்கினாள், இதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று அவளும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள், அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. பிறகு எடுத்துக்கொண்டாள். செப்டம்பர் ஒன்று, செவ்வாய், ராகுகாலம் மூன்று நாலரை, எமகண்டம் ஒன்பது பத்தரை, குளிகை பன்னிரண்டு ஒன்றரை, சூலம் வடக்கு. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. யாரையும் கூப்பிடாமல், யாரையும் கேள்வி கேட்காமல் இந்த அறையில் நான் சத்தமாகப் பேசியதில்லை போலிருக்கிறது. இரண்டு, புதன். மூன்று, வியாழன். அவள் பேனா நகர்வதைப் பார்க்காமல் வாசிக்க முயன்றேன், முடியவில்லை, பார்த்துக்கொண்டே வாசித்தேன். நான்கு, வெள்ளி. ஐந்து, சனி. பேனா நின்றது.

"அண்ணாச்சி," என்றாள் பொன்ராணி, மிகவும் மெதுவாக. "நாலாந்தேதியில ஒரு வரி விட்டுட்டீங்க."

என்னைச் சோதிக்கிறாளா என்று பிரதியைக் குனிந்து பார்த்தேன். குளிகை, ஏழரை ஒன்பது. விட்டிருந்தேன். சூசை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் பேனாவை எடுக்காமல் அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாலாம் தேதியிலிருந்து மறுபடியும் வாசித்தேன்.